சென்ட்ரல் மெட்ரோ நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை சென்ட்ரலில் தரைக்குக் கீழே இருக்கும் மெட்ரோ நிலையம் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்பது ஒரு விதம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்பது இன்னொரு விதம். இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். மெட்ரோவில் ஏறாதவர்களுக்கும் இந்த நிலையம் உதவும். அதைச் சொல்லவேண்டும் என்பதுதான் என் முதல் ஆசை.

சென்ட்ரல் ரயில் நிலையமும் சென்ட்ரல் மெட்ரோவும் ஒன்றா?

இல்லை. சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டுமாக நிற்பது 1873-இல் திறக்கப்பட்ட ரயில்வே நிலையம். டெல்லி, மும்பை, பெங்களூரு, கோவை, கேரளம் பக்கம் போகும் ரயில்கள் அங்கிருந்து கிளம்பும். அதற்குப் பக்கத்திலேயே, மூர் மார்க்கெட் வளாகத்தில், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்ரயில்கள். எதிர்ப்பக்கம், ஈ.வெ.ரா. பெரியார் சாலையைத் தாண்டினால், பார்க் நிலையம். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயில் அங்கே நிற்கும். அதற்கும் அருகில் பறக்கும் ரயிலுக்கான பார்க் டவுன். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், சாலைக்கு அடியில் இருப்பதுதான் மெட்ரோ நிலையம். டிக்கெட், நிர்வாகம், நுழைவாயில் எல்லாமே தனி. ரயில்வே டிக்கெட்டைக் காட்டி மெட்ரோ கேட்டுக்குள் போக முடியாது.

வெளியூர் ரயிலில் வந்து இறங்கினேன். மெட்ரோவுக்கு எப்படிப் போவது?

பிளாட்பாரத்தின் முனைக்கு வந்து, முகப்பு வாசல் வழியாக வெளியே வாருங்கள். ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்ளும் அந்த இடத்திலேயே மெட்ரோ பலகை கண்ணில் படும். பெட்டி படுக்கை அதிகம் என்றால் எஸ்கலேட்டரை விட லிஃப்ட் நல்லது. அவசரத்தில் எஸ்கலேட்டரில் பெரிய சூட்கேஸை முன்படியில் வைத்துவிட்டு, இறங்கும் இடத்தில் அதைத் தூக்க முடியாமல் பின்னால் வருபவர்களை நிறுத்திவிடும் காட்சி இங்கே சாதாரணம். கீழே போனதும் பைகளை ஸ்கேனர் எந்திரத்தில் விட்டு எடுக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் ஏறாமல், ரோட்டைக் கடக்க மட்டும் கீழே இறங்கலாமா?

தாராளமாக. டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருக்கும் பகுதி எல்லோருக்கும் பொது. சாலையின் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறிவிடலாம், ஒரு பைசா செலவில்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர், அதிலும் வயதானவர்கள், மேலே பஸ்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். யாரும் விரட்ட மாட்டார்கள், இறங்குங்கள். லிஃப்ட் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, வெயிலும் மழையும் இல்லை. மெட்ரோ ஓடும் நேரத்தில் மட்டும் இந்த வழியை நம்புங்கள்.

ஜி.எச்.சுக்குப் போகவேண்டும். எந்த வாசல்?

சென்ட்ரலில் இறங்குகிறவர்களில் கணிசமானோர் ஊர் சுற்ற வந்தவர்கள் அல்ல. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு, அதாவது நம் வாயில் வரும் ஜி.எச்.சுக்கு, வைத்தியம் பார்க்க வந்தவர்கள். 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சிறிதாகத் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றும் ஆந்திர எல்லையிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் ஜனங்கள் அதை நம்பித்தான் வருகிறார்கள்.

மருத்துவமனை இருப்பது சென்ட்ரலுக்கு எதிர்ப்பக்கம். அதனால் மெட்ரோவிலிருந்து வெளியே வரும்போது ரயில் நிலையப் பக்க வாசலைப் பிடிக்காமல், சாலையின் எதிர்ப்பக்கம் போகும் வாசலைப் பிடியுங்கள். பலகையில் மருத்துவமனையின் முழுப் பெயர் இருக்கும். அம்புக்குறி புரியவில்லை என்றால் சீருடையில் நிற்பவரிடம் "ஜி.எச். எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், கையைக் காட்டிவிடுவார். நோயாளியோடு வருகிறீர்களா? சக்கர நாற்காலி வேண்டும் என்று நிலைய ஊழியரிடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

இங்கே எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் பார்த்தபடி நடுவில் நின்றுவிடுபவர்களை இந்தக் கூடத்தில் எந்த நாளும் பார்க்கலாம். நீளமான அதிகாரப்பூர்வப் பெயர்கள் அவர்கள் கண்ணில் நிற்பதில்லை. "ஜி.எச்." என்று ஆளுயர எழுத்தில், கூடவே சிவப்புக் கூட்டல் குறியோடு, தரையிலேயே ஒரு கோடு போட்டுவிட்டால் பாதிப் பேருக்கு வழி கேட்கும் அவசியமே இருக்காது. செலவும் பெரிதில்லை.

நீலம், பச்சை என்கிறார்களே, எதில் ஏறுவது?

இரண்டு வழித்தடங்களும் இங்கே சந்திக்கின்றன. வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு தளத்தில் ஓடுவதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற எஸ்கலேட்டரில் ஏறவோ இறங்கவோ வேண்டும். வெளியே போய் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

பச்சைத் தடத்துக்கு சென்ட்ரல்தான் கடைசி நிலையம். எனவே இங்கிருந்து கிளம்பும் எந்தப் பச்சை ரயிலும் எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் வழியாகத்தான் போகும். திசை தவற வழியே இல்லை. நீலத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் விம்கோ நகர். தேனாம்பேட்டைக்குப் போக நினைத்து ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்கித் திரும்புபவர்கள் உண்டு. ஏறும் முன் கதவுக்கு மேலே ஓடும் எழுத்தில் கடைசி நிலையத்தின் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விமான நிலையத்துக்கு எந்த வழி நல்லது?

நீலம். அண்ணா சாலைக்கு அடியிலேயே அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை என்று போய், சின்னமலைக்கு முன்னால் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறும். கிண்டி, ஆலந்தூர் தாண்டினால் மீனம்பாக்கம், அடுத்து விமான நிலையம். கோயம்பேடு வழியாகச் சுற்றி விமான நிலையம் போகும் பச்சைத்தட ரயில்களும் உண்டு, ஆனால் அது நீண்ட சுற்று. விமானம் பிடிக்கிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து நேரத்தை இழக்க வேண்டாம். அண்ணா நகரில் யாரையாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ரயில் பிடிக்க வேண்டும். நேரம் போதுமா?

பச்சைத் தடத்தில் அடுத்த நிலையமே எழும்பூர். இந்த ஒரே ஒரு நிறுத்தத்தின் அருமை பழைய சென்னைப் பயணிகளுக்குத்தான் தெரியும். வடக்கேயும் மேற்கேயும் போகிற அகலப் பாதை ரயில்கள் சென்ட்ரலிலும், தெற்கே மதுரை, திருநெல்வேலி போகிற மீட்டர் பாதை ரயில்கள் 1908-இல் திறந்த எழும்பூரிலுமாக இரண்டு கம்பெனிகள் இரண்டு நிலையங்களை வைத்துவிட்டுப் போய்விட்டன. பெங்களூரிலிருந்து வந்து நாகர்கோவில் போகிறவர் நடுவில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோவோடு பேரம் பேசி, பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் வியர்த்து, ரயிலைத் தவறவிட்ட கதைகள் வீட்டுக்கு வீடு இருக்கும். 2018 மே 25 அன்று நேரு பூங்கா–சென்ட்ரல் பகுதி திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. குறைந்தபட்சக் கட்டணத்திலேயே போய்விடலாம்.

நேரம் என்று பார்த்தால் ரயிலில் இருப்பது சில நிமிடம்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே நடப்பதுதான் அதிகம். மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

விடியற்காலை 4 மணிக்கே என் ரயில் வந்துவிடும். மெட்ரோ இருக்குமா?

இருக்காது. காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான். ஆனால் எதிரே பார்க் நிலையத்தில் தாம்பரம் பக்கம் போகும் மின்ரயில் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். மாம்பலம், கிண்டி, தாம்பரம் போகிறவர்களுக்கு அது போதும். மற்றவர்கள் ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு டீ குடித்துவிட்டு உட்காருங்கள். தனியாக வரும் பெண்கள் இருட்டில் வெளியே நின்று வண்டி பேசுவதை விட, பயணிகள் நிறைந்த அந்தக் கூடத்தில் 5 மணி வரை இருப்பது எவ்வளவோ மேல்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு மெட்ரோவில் போகலாமா?

நேரடியாக முடியாது. கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. பார்க் நிலையத்தில் செங்கல்பட்டு மின்ரயில் ஏறி வண்டலூர் அல்லது ஊரப்பாக்கத்தில் இறங்கிப் பஸ் பிடிப்பதே சிக்கனமான வழி. கோயம்பேடு என்றால் பச்சைத் தடத்தில் நேராகப் போய் இறங்கலாம். உங்கள் பஸ் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

டிக்கெட் எவ்வளவு? எப்படி எடுப்பது?

2021 பிப்ரவரியில் குறைத்த கட்டணப்படி குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இரண்டு கிலோமீட்டர் வரை 10, ஐந்து வரை 20, பன்னிரண்டு வரை 30, இருபத்தொன்று வரை 40, அதற்கு மேல் 50. கவுன்ட்டரில் வரிசை நீளமாக இருந்தால் போனிலேயே கியூஆர் டிக்கெட் எடுத்துவிடலாம், வாட்ஸ்அப்பிலும் கிடைக்கும். 20 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. அடிக்கடி போகிறவர்களுக்கு, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் சிங்காரச் சென்னை பயண அட்டை வசதி.

பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டா?

தனி இடம் உண்டு. நான்கு பெட்டி ரயிலில் ஒரு முனையில் இருக்கிறது, பிளாட்பாரத்தில் குறி போட்டிருப்பார்கள். தொடக்கத்தில் அங்கே இரு மடங்குக் கட்டணத்தில் முதல் வகுப்பு என்று ஒன்று இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டுப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்ல முடிவு.

கீழே போகவேண்டிய நிலையத்துக்கு ஏன் முதலில் மேலே படி ஏறச் சொல்கிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வாசலில் சாலை மட்டத்திலிருந்து சில படி ஏறி, அதன் பிறகுதான் கீழே இறங்குவோம். அந்தப் படிகள் வெள்ளத்துக்காக. சென்ட்ரலைச் சுற்றி பக்கிங்காம் கால்வாயும் கூவமும் கூப்பிடு தூரத்தில் ஓடுகின்றன. ஒரு நல்ல மழைக்கே பெரியமேட்டிலும் வால்டாக்ஸ் சாலையிலும் தண்ணீர் நிற்கும். சாலையில் நிற்கிற தண்ணீர் ஒரு தடவை உள்ளே வழிந்துவிட்டால் போகிற இடம் சுரங்கம்தான். அதனால் எதிர்பார்க்கக்கூடிய வெள்ள மட்டத்துக்கும் மேலே வாசலைத் தூக்கி வைக்கிறார்கள். அதையும் மீறிக் கசியும் தண்ணீரை இறைக்கப் பம்புகள் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊரையே முடக்கியபோதும் மெட்ரோ ஓடியது. அப்போது தண்ணீர் சூழ்ந்து பயணிகள் போக முடியாமல் ஆனது பரங்கிமலை நிலையம். அது தரைக்கு மேலே இருக்கும் நிலையம்! தூணுக்கு மேலே கட்டியிருந்தாலும், தெருவில் நான்கு அடித் தண்ணீர் நின்றால் வாசலுக்குப் போக வழி ஏது? எனவே படிகளைத் திட்டாதீர்கள். முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது.

சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, கீழே எப்படிக் கட்டினார்கள்?

நிலையம் வேறு, சுரங்கம் வேறு. நிலையத்தை மேலிருந்து தோண்டினார்கள். முதலில் நிலையத்தின் எல்லை முழுக்க, ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகலான ஆழமான பள்ளம் தோண்டுவார்கள். மண் சரியாமல் இருக்க அதில் பென்டோனைட் என்ற களிமண் கூழை நிரப்பி, அதற்குள் இரும்புக் கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட்டை அடியிலிருந்து ஊற்றினால் கூழ் மேலே வந்துவிடும். இப்படி நிலத்துக்குள்ளேயே சுவர் எழும்பிய பிறகுதான் உள்ளிருக்கும் மண்ணை அள்ள முடியும். சென்ட்ரல் நிலையத்தின் பரப்பு சுமார் 70,000 சதுர மீட்டர். அத்தனை மண்ணும் லாரியில்தான் போனது.

நிலையங்களுக்கு நடுவிலுள்ள சுரங்கத்தைத் துளைக்கும் எந்திரம் குடைந்தது. முன்பக்கம் சக்கரம் மண்ணை அரைக்க, பின்பக்கம் கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திக்கொண்டே போகும்; உறைகிணற்றுக்கு உறை இறக்குவதைப் படுக்கை வாட்டத்தில் செய்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை மண்தான் இதில் பெரிய சோதனை. ஓரிடத்தில் மணல், இன்னோரிடத்தில் களிமண், திடீரென்று பாறை, எங்கும் நிலத்தடி நீர். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சுரங்கம் குடைந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. நல்லவேளையாக யாரும் உயிரிழக்கவில்லை. கீழே என்ன மண் இருக்கிறது என்பதை முழுதாக யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை அன்று ஊரே பார்த்தது.

சென்ட்ரலில் இன்னொரு கவலையும் இருந்தது. ஒரு பக்கம் 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை, அதை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டின் விக்டோரியா பொதுக்கூடம், இன்னொரு பக்கம் ரயில் நிலையம். எல்லாமே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை, பக்கத்தில் தோண்டும்போது அவை விரிசல் விட்டுவிடக்கூடாதே என்ற கவலை. பல ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் கிடந்த ரிப்பன் மாளிகையின் வெள்ளை முகப்பு இன்று மறுபடி முழுதாகத் தெரிவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பிளாட்பாரத்தில் கண்ணாடிச் சுவரும் கதவும் எதற்கு?

முதல் காரணம், யாரும் தண்டவாளத்தில் விழக்கூடாது. இரண்டாவது, நிலையத்தின் ஏ.சி. குளிர்ச்சி சுரங்கத்துக்குள் ஓடிவிடக்கூடாது. சுரங்கத்து வெக்கையையும் தூசியையும் அது தடுக்கிறது. ரயில் வந்து நிற்கும்போது அதன் கதவும் கண்ணாடிக் கதவும் நேருக்கு நேர் வந்து, இரண்டும் சேர்ந்து திறக்கும். இரண்டில் ஒன்று சரியாக மூடாவிட்டாலும் ரயில் கிளம்பாது. கடைசி நொடியில் பையை நுழைக்கிறவர் தன் பையை மட்டும் அல்ல, ரயிலில் இருக்கும் அத்தனை பேரையும் நிறுத்துகிறார். அடுத்த ரயில் சில நிமிடத்தில் வந்துவிடும், விட்டுவிடுங்கள்.

சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டால்?

பெரும்பாலும் முன்னால் போகும் ரயிலுக்காக நிற்கும், தானாகக் கிளம்பிவிடும். கதவைத் தள்ளித் திறக்க முயல்வதுதான் ஆபத்து. ஓட்டுநரோடு பேச ஒவ்வொரு பெட்டியிலும் பொத்தான் இருக்கிறது. இறங்க வேண்டிய நிலை வந்தால் ஊழியர்களே வழிநடத்துவார்கள். இரண்டு சுரங்கங்களுக்கும் நடுவே குறுக்குவழிகள் உண்டு, ஒன்றில் புகை வந்தால் மற்றதற்குப் போய்விடலாம். பெரிய மின்விசிறிகள் புகையை ஒரு பக்கமாக இழுத்து வெளியேற்றும். மின்சாரம் 25,000 வோல்ட், தலைக்கு மேலே இருக்கும் கம்பியில், தண்டவாளத்தில் அல்ல.

நிலையத்தின் பெயர் ஏன் அவ்வளவு நீளம்?

2019-இல் ரயில்வே நிலையத்துக்கும், 2020 ஜூலை கடைசியில் மெட்ரோ நிலையத்துக்கும் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ" என்பது முழுப் பெயர். செயலியில் டிக்கெட் எடுக்கும்போது பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பேச்சில் சென்ட்ரல் என்றால் போதும்.

வெளியே வந்தால் பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

ரிப்பன் மாளிகையை மாலை விளக்கொளியில் பாருங்கள். இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் மக்கள் பூங்கா. பார்க், பார்க் டவுன் எல்லாம் அதன் மிச்சம். வண்டலூருக்குப் போகும் முன் உயிர் காலேஜ் என்று எல்லோரும் அழைத்த மிருகக்காட்சி சாலையும் இங்கேதான் இருந்தது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. பழைய புத்தகம் தேடுகிறவர்கள் அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போகலாம்.

இரண்டாம் கட்ட மெட்ரோ வந்தால் சென்ட்ரலில் என்ன மாறும்?

புதிய மூன்று வழித்தடங்களில் எதுவும் சென்ட்ரலைத் தொடவில்லை. கீழ்ப்பாக்கம், ஆயிரம் விளக்கு, நந்தனம், வடபழனி, கோயம்பேடு, ஆலந்தூர் என்று வேறு இடங்களில்தான் பழைய தடங்களோடு சேர்கின்றன. இது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதவரம், பெரம்பூர்க்காரர்கள் ராயப்பேட்டைக்கோ மயிலாப்பூருக்கோ போக சென்ட்ரலைச் சுற்றி வரவேண்டிய அவசியம் குறையும். ஏற்கெனவே இந்த மெட்ரோவில் அதிகம் பேர் ஏறி இறங்கும் நிலையம் இதுதான். மூட்டையோடு வரும் பயணிக்கும் ஜி.எச்.சுக்கு வரும் நோயாளிக்கும் இந்தக் கூடத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும்.